டீச்சரம்மாவின் சால்வையில் ஏழு ஓட்டை

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். ஷட்டருக்கு அடியில் குனிந்து டீச்சரம்மா உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்ததும் கிளம்பிய அந்துருண்டை வாசத்தில் என் தயிர்சாதம் அன்றைக்கு அப்படியே மூடிப்போனது.

“கண்ணு, நீ ப்ளவுஸுக்குப் பூப்போடறவதான? இதுல ஏழு ஓட்டை இருக்குது. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பூவ வெச்சு மறைச்சுக் குடுத்துரு.”

விரித்தேன். அரக்கு நிறக் கம்பளிச் சால்வை. நான்கு ஓரத்திலும் நான்கு விரல் அகலத்துக்குக் கொடி ஓடுகிறது. மூலைக்கு மூலை ஒரு மாங்காய். மாங்காய்க்குள் இன்னொரு சின்ன மாங்காய், அதற்குள் ஒரு பூ, பூவுக்குள் கடுகளவு மஞ்சள் புள்ளி. ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தப் புள்ளியை எந்த ஊசியால் போட்டார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “பத்து நாள்ல வாங்கிக்கலாமுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ப்ளவுஸ்தான் பிழைப்பு. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி விரலால் சுண்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வர வேண்டும். வகுப்பில் முதல் நாள் பாடமே அதுதான். மேலே வலது கையில் கொக்கி ஊசி. துணிக்கு அடியில் இடது கை நூலை ஊட்டிக்கொண்டே இருக்கும். குத்தி, மாட்டி, இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. அப்புறம் ஜரி, சர்தோசி, சுகர் பீட்ஸ், குந்தன் கல் என்று ஏற்ற வேண்டியதுதான். நான் போட்ட ப்ளவுஸை உடுத்திய ஒரு மணப்பெண் முகூர்த்தம் முடிகிறவரை நாற்காலியில் முதுகு சாயவே இல்லை. கல் குத்துகிறதாம். போட்டோவில் நன்றாக வந்திருந்தது.

எங்கள் தொழிலில் தப்பை மறைப்பது ரொம்பச் சுலபம். ட்ரேஸிங் கோடு கோணிப் போனால் அதன்மேல் ஒரு வரிசை மணி. துணியில் பொத்தல் விழுந்தால் ஒரு கல். டீச்சரம்மா கேட்டதும் அதைத்தானே? அன்றைக்குச் சாயந்திரமே சால்வையைச் சட்டத்தில் மாட்டிவிட்டேன்.

ப்ளவுஸ் பட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டினேன். கம்பளி பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது. நானும் இறுக்கிக்கொண்டே போனேன். நான்காவது ஓட்டை, மிளகளவுதான் இருந்தது, அதிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று கண்ணி போட்டிருப்பேன். கொக்கி அடி நூலோடு சால்வையின் இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. பூச்சி ஏற்கெனவே பாதி அரித்து வைத்திருந்த இழை. பட்டென்று விட்டது. அதற்குப் பக்கத்து இழை, அதற்கும் பக்கத்து இழை. மிளகு இருந்த இடத்தில் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

கடையை அப்படியே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள், இன்னும் பதினைந்து நாள் ஆகும் என்று சொல்ல டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். காபி வந்ததும் வாய் அடைத்துக்கொண்டது. அவர் ஊட்டியில் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். 1978-இல் லீவுக்கு வந்தபோது ஸ்ரீநகரிலிருந்து இந்தச் சால்வையை வாங்கி வந்தாராம். ஊட்டிக் குளிரில் சேலைக்குமேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குமேல் இது. சாக்பீஸ் தூள் படாத நாளே கிடையாது என்றார். ரிட்டயராகிக் கீழே இறங்கிய பிறகு கோயம்புத்தூர் வெயிலில் சால்வைக்கு என்ன வேலை? பெட்டிக்குள் போனது. பூச்சிக்கு விருந்தானது.

நம் ஊரில் சால்வை என்றாலே பொன்னாடைதான். மேடையில் போர்த்துவார்கள், போட்டோ எடுத்ததும் மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைப்பார்கள். அடுத்த விழாவில் அதே பொன்னாடை வேறு ஒருவருடைய தோளுக்கு ஏறும். குளிருக்காகச் சால்வை போர்த்திக்கொண்ட பொம்பளையை நான் டீச்சரம்மா கதையில்தான் முதல்முறை பார்த்தேன்.

பேச்சுவாக்கில் உள்ளே போய் இன்னொரு துணி எடுத்து வந்தார். தடித்த வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் வேலை. நீலகிரி மலையில் வாழும் தோடர்கள் போர்த்துகிற புத்துக்குளி. ரிட்டயரான அன்று, தன்னிடம் படித்த பெண்ணின் அம்மா போட்டுக் கொடுத்தது என்றார்.

“எது நல்ல பக்கம், சொல்லு பாக்கலாம்.”

வழவழவென்று இருந்த பக்கத்தைக் காட்டினேன்.

“தப்பு.” திருப்பினார். நூல் லேசாகப் புடைத்துச் சொரசொரவென்று இருந்த பக்கம். “அவங்களுக்கு இதான் மேல் பக்கம்.”

தோடர் பெண்கள் வரைவது கிடையாது, ட்ரேஸிங் கிடையாது, சட்டம் கிடையாது. துணியின் இழையைக் கண்ணால் எண்ணி எண்ணி ஊசி ஓட்டுகிறார்கள். வேலைக்குப் பேர் ‘புகூர்’. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மூணு மணி நேரத்தில் ஊட்டி. ஆரி கற்றுக்கொள்ள நான் ஹைதராபாத்வரை போய்வந்தவள். இத்தனை பக்கத்தில் இருப்பதை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். காஷ்மீர் ஸ்டாலில் வயதான பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் வருகிறவர்போல. தமிழ் விலை பேசுகிற அளவுக்கு வரும், மீதிக்கு இந்தி. நான் சால்வையை நீட்டினதும் வியாபாரத்தை மறந்துவிட்டார். முதலில் பூவைப் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“ரஃபல்,” என்றார். “பஷ்மினா நஹீ.”

ரஃபல் என்பது மெரினோ ஆட்டுக் கம்பளி. பஷ்மினா வேறு. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், நாலாயிரம் மீட்டருக்கும் மேலே, சாங்தாங்கி வெள்ளாடு குளிருக்காக மேல் மயிருக்கு அடியில் வளர்த்துக்கொள்ளும் மெல்லிய மயிர் அது. கோடை தொடங்கும்போது தானாகக் கழன்று வருவதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஒரு இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70. அத்தனை மெல்லிசை மில் எந்திரம் இழுத்தால் தாங்காது என்பதால்தான் காஷ்மீரில் பெண்கள் வீட்டில் ராட்டையில் நூற்கிறார்கள். காஷ்மீர் பஷ்மினா என்ற புவிசார் குறியீட்டை ஒட்ட வேண்டுமானால் 16 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், கையால் நூற்று, கையால் நெய்திருக்க வேண்டும்.

நான் ஒரு மலை ஊருக்கு டூர் போனபோது நானூற்றைம்பது ரூபாய்க்கு அம்மாவுக்கு ஒரு ‘பஷ்மினா’ வாங்கி வந்திருக்கிறேன். அன்று ராத்திரி அதன் குஞ்சத்தில் ஒரு நூலை அறுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சின்ன மணியாக உருண்டு நின்றது. என் தொழிலுக்கு உதவும், ஒரு பீட்ஸ் மிச்சம்.

பாயிடம் நான்காவது ஓட்டையைக் காட்டினேன். நான் செய்ததைச் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. சால்வையில் சட்டம் இறுக்கிய தடம் இன்னும் இருந்ததே.

“ஆரி?”

“ஆமாங்க பாய்.”

சிரித்தார். தன் ஸ்டாலில் ஒரு மூலையிலிருந்து அரைகுறையாய் முடிந்த துணியை எடுத்தார். ஆரி வேலைதான், அதே சங்கிலிக் கண்ணி, காஷ்மீர் ஆட்கள் போடுவது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் துணியைத் தளர்வாகப் போட்டு, அடிக்கை நூல் கொடுக்க மேல்கை கொக்கியை ஓட்ட ஆரம்பித்தார். சட்டமே இல்லை. துணி இழுபடாததால் கொக்கிக்கு வழி விடுகிறது. நான் ஒன்பது வருடமாக ‘ஸ்டாண்ட் இல்லாமல் ஆரி இல்லை’ என்று ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

(இந்தக் கொக்கி ஊசியே செருப்புத் தைப்பவரின் குத்தூசியிலிருந்து வந்தது. குஜராத்தில் கச்சு பக்கம் மோச்சி சமூகத்தார் தோலில் போட்ட வேலையைப் பிறகு துணிக்கும் கொண்டுவந்தார்கள். மேக்கப்பும் பட்டுமாக வரும் மணப்பெண்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்கு முகம் போகிற போக்கு சரியில்லை.)

ஆனால் டீச்சரம்மா சால்வையில் இருப்பது ஆரியே இல்லை என்றார். சோஸ்னி. சாதாரண ஊசி, மகா மெல்லியது. நக்காஷ் என்பவர் டிசைன் வரைவார், மர அச்சாலோ குத்திய தாளில் கரித்தூள் தட்டியோ துணியில் பதிப்பார்கள். நாங்கள் மண்ணெண்ணெயில் பவுடரைக் குழைத்து ட்ரேஸ் எடுக்கிறோமே, அதே வித்தை. பிறகு ஊசிக்காரர் துணியை மடியில் போட்டுக்கொண்டு இழை இழையாகக் கோக்கிறார். நல்ல கையாக இருந்தால் ஊசி இழையைப் பாதி மட்டும் பிடிக்கும், அடிப்பக்கத்தில் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற வேலையும் உண்டு, அதற்கு ‘தோருக்கா’ என்று பேர். இடம் விடாமல் முழுக்கப் பூ நிறைத்துப் போடும் சால்வைகள் முடிய ஆண்டுக் கணக்கு ஆகும். இதைப் பெரும்பாலும் ஆண்கள்தான் செய்கிறார்கள் என்று பாய் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நூற்பது பெண்கள், பூப்போட்டுப் பேர் வாங்குவது ஆண்களா என்று.

சால்வைக்கும் சேலை மாதிரியே உறுப்பு உண்டு. ஹாஷியா என்றால் கரை. பல்லா என்றால் முந்தி. மாங்காயை அவர்கள் பாதாம் என்கிறார்கள். இதே மாங்காயைத்தான் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் எந்திரத் தறியில் நகலெடுத்து நெய்து, உலகம் முழுக்க ஊர்ப் பெயரையே டிசைனுக்கு வாங்கிக்கொண்டார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் மாங்காயை மாங்காய் என்றே விட்டுவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி.

“முதல்ல ரஃபூ,” என்றார் பாய். “பூ அப்புறம். ஓட்டை மேல பூ போட்டா, பூ எங்க நிக்கும்?”

ரஃபூ என்பது நாம் டார்னிங் என்பதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத டார்னிங். உத்தரப் பிரதேசத்தில் நஜீபாபாத் என்று ஓர் ஊர். பழைய காஷ்மீர்ச் சால்வைகளை ரஃபூ செய்வதற்கே பேர்போனது. அங்கே அனுப்பட்டுமா என்று கேட்டேன். பாய் சால்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உனக்குக் கை இருக்கே” என்றார்.

மூன்று நாள் கண்காட்சிக்குப் போய் வந்தேன். நூல் எங்கே வாங்குவது என்றுதான் முதல் கேள்வி கேட்டேன். வாங்கக் கூடாதாம். எந்தக் கடை அரக்கும் நாற்பத்தாறு வருஷம் வெயில் பார்த்த அரக்கோடு சேராது. சால்வையிலிருந்தே எடுக்க வேண்டும். குஞ்சம் தொடங்கும் இடத்தில் கடைசிக் குறுக்கிழையின், அதாவது ஊடையின், நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரித்தால், சால்வையின் அகலம் முழுக்க ஒரே இழை கழன்று வருகிறது. குஞ்சம் மட்டும் நூலிழை அளவுக்கு நீளமாகும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆறு இழை எடுத்தேன். ஏழு ஓட்டைக்கும் போதும் போதும் என்று இருந்தது.

ஓட்டையின் விளிம்பைத் தாண்டி நல்ல துணிக்குள் அரை அங்குலம் போய் அங்கிருந்து நெடுக்காகப் பாவு இழைகளை ஓட்ட வேண்டும். பாவு முடிந்ததும் குறுக்கே ஊடை. முதல் ஓட்டையை ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோரைப்பாய் முடைகிற மாதிரி முடைந்து பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, “லைன் எங்க?” என்றார். சால்வை சாய்வரி நெசவு, ட்வில். இரண்டு மேலே, இரண்டு கீழே, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு இழை தள்ளி. உற்றுப் பார்த்தால் துணி முழுக்கச் சாய்ந்த வரி ஓடுகிறது. என் ஒட்டு மட்டும் சாக்குப்பை மாதிரி நேராக நிற்கிறது. பிரித்தேன். கண்ணாடி மாற்றிக்கொண்டு திரும்பப் போட்டேன். ஒரு ஓட்டைக்கு இரண்டு நாள்.

ராத்திரி கண் வலித்தால் போனை எடுத்துவைத்துக்கொண்டு சால்வைக் கதைகளைப் படித்தேன். இது ஆதியில் ஆண்கள் உடுப்பு. அக்பர் இரண்டு சால்வையை முதுகோடு முதுகு சேர்த்துப் போர்த்துவாராம், அடிப்பக்கம் தெரியாமலிருக்க. என்னை மாதிரி ஆள்தான் போல. ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் பெண்கள் தோளுக்கு இடம் மாறியது. 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் காஷ்மீரை வாங்கிய ஜம்மு ராஜா குலாப் சிங், பிரிட்டிஷ் அரசுக்கு வருஷாவருஷம் ஒரு குதிரை, சால்வை மயிர் தரும் ஆடு ஆறு கிடாயும் ஆறு பெட்டையும், மூன்று ஜோடி சால்வையும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நெய்தவர்கள் கதை வேறு. 1865 ஏப்ரல் 29 அன்று வரி தாங்காத சால்வை நெசவாளர்கள் ஸ்ரீநகர் சால்டகரில் திரண்டார்கள். படையை ஏவி விரட்டியதில் பலர் செத்துப்போனார்கள். என் அப்பா மில் தொழிலாளி. அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். 1870-இல் பிரான்ஸும் பிரஷ்யாவும் சண்டை போட்டதில் சால்வை வாங்கிக்கொண்டிருந்த பாரிஸ் சந்தை விழுந்தது, காஷ்மீரில் தறி நின்றது.

ஊசி வேலைக்கும் இந்தக் கதைக்கும் தொடுப்பு உண்டு. பழைய சால்வைகளில் டிசைன் நெசவிலேயே வரும். கானி என்கிற சின்ன மரக்குச்சிகளில் வண்ண நூலைச் சுற்றிக்கொண்டு, தாலிம் என்ற குறிப்புச் சீட்டைப் படித்துப் படித்து நெய்வார்கள். அது மாதக்கணக்கு, வருஷக்கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தோற்றத்தை ஊசியால் கொண்டுவரத் தொடங்கினார்கள், செலவு குறைவு என்பதால். ஆக, டீச்சரம்மா சால்வையின் மூதாதையும் ஒரு நகல்தான். அதைத் தெரிந்துகொண்ட ராத்திரி என் ஒட்டுகளைப் பற்றிய கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

ஸ்டாலில் ஒரு ஃபெரனும் தொங்கியது. காஷ்மீர்ப் பெண்கள் உடுத்தும் தொளதொள கம்பளி அங்கி. கழுத்தைச் சுற்றி தில்லா, அதாவது நம் ஜரி. பனிக்காலத்தில் காங்ரி என்கிற கங்குச் சட்டியை அதற்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஜரியைத் துணிக்குள் குத்தாமல், மேலே படுக்க வைத்து மெல்லிய நூலால் கட்டிக்கட்டிப் போகிறார்கள். அப்படியே ஒரு ப்ளவுஸில் செய்து பார்த்தேன். பின்னால் சாய்ந்தால் குத்தவில்லை.

ஏழாவது ஓட்டை கொடியின் மேலேயே இருந்ததால் அங்கே மட்டும் இலையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் புள்ளியையும் முயன்றேன். பத்து தடவை. அது வரவில்லை. அது வேறு கை.

பத்து நாள் என்று சொன்னது முப்பத்தொன்பது நாளாகி, மார்கழியில் முடிந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிழியாமல் பெரிய துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் தரையில் விரித்துக் காயவைத்தேன். வியர்வையும் எண்ணெயும் படிந்த கம்பளி என்றால் பூச்சியின் புழுவுக்கு இன்னும் இஷ்டம். அழுக்கோடு பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வசம்புத் துண்டு நாலைத் துணியில் முடிந்து மடிப்புக்குள் வைத்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்து உதறிக் காற்றாட விட்டாலே பாதி வியாதி தீரும்.

டீச்சரம்மா வந்தார். சால்வையைக் கையில் வாங்கினதும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நிற்காமல் தாண்டியது. நான்காவதில் நின்றது.

“இது பெருசாயிருக்குதே கண்ணு.”

சொல்லிவிட்டேன். சட்டத்தில் இழுத்துக் கட்டியது, கொக்கி மாட்டியது, காபி குடித்துவிட்டுச் சொல்லாமல் வந்தது, எல்லாம்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். நடுப்பக்கத்தில் சால்வையின் படம், அதில் ஏழு வட்டம். ஒவ்வொரு வட்டமும் ஓட்டையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் சரியாக அளவெடுத்தது, பக்கத்தில் மில்லிமீட்டர். என்னிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் தேதி. நாலாவது வட்டம்: 4.

சிவப்புப் பேனாவை மூடி திறந்து ஓரத்தில் எழுதினார். ஏழுக்கு ஆறு.

“ஆறரை போடலாமுங்க டீச்சர்,” என்றேன்.

“போடலாம்,” என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். “போட மாட்டேன்.”